மட்டுப்பாடுகள்

செவ்வாய் பின்னேரம் நாலரைக்கு
தெல்லிப்பழை ஆஸ்பத்திரியின் பழைய மருந்துக் களஞ்சியத்தில்
பதினெட்டுப் பேர் குழாயில் ஊதுகிறார்கள்.
முள் நிற்கும் இடத்தை நான் எழுதுகிறேன்.

"என்ன பிள்ளை, மூச்சுக்கும் மார்க்ஸோ?"
சீமெந்துத் தூசியை இருபது வருசம் விழுங்கிய
குணபாலசிங்கம் கேட்டார்.
நூற்றறுபது.
பாஸ் என்றேன்.
பொய் சொல்கிறேன் என்று அவருக்கும் தெரியும்.

வினாத்தாளில் நாலாவது:
கடந்த இரண்டு வாரங்களில் எத்தனை நாள்
ஆறுதலாக இருந்தீர்கள்?
"எல்லா நாளும் ஆறுதலாத்தான் நடக்கிறன் தங்கச்சி,
கெதியா நடந்தா இழுக்குதெல்லே."
எந்தக் கட்டத்தில் புள்ளடி போடுவது?
பேராசிரியையைக் கேட்டேன்.
பதினாலு என்று போடாதே என்றார்.
அப்ப எத்தனை என்பதற்குள்
அவருக்கு ஒரு அழைப்பு வந்துவிட்டது.

முப்பத்தாறு கடித உறைகளைக் குலுக்கினோம்.
பாதிப் பேருக்குப் பாட்டு,
பாதிப் பேருக்குக் கையேடு.
தூசியைத் தவிர்க்கவும்.
விறகடுப்பைத் தவிர்க்கவும்.
கவலையைத் தவிர்க்கவும்.
இருபத்தேழாம் இலக்கம் புனிதமலர்
உறையைக் கிழித்துப் பார்த்து
"எனக்குப் பாட்டு விழேல்லையோ" என்றா,
ஒரு எண்ணில் லொத்தர் தவறினவ மாதிரி.

உள்ளே எந்தப் பாட்டு என்று மூன்று கிழமை சண்டை.
தேவாரம் என்றார் ஒருவர்.
சேர்ச்சில் பாடுகிறதைப் பாடுவம் என்றார் இன்னொருவர்.
சினிமா என்றவரை எல்லாரும் ஒரு பார்வை பார்த்தார்கள்.
கடைசியில் சொல்லே வேண்டாமென்று
ஆ என்றும் ஓ என்றும்
வாயை மூடி ம் என்றும் இழுத்தார்கள்.
சுருதி சேரவே இல்லை.
தாளம் இருமலுடையது.
கேட்க நல்லாயிருந்தது என்று நான் எழுத ஏலாது,
அதற்குக் கட்டம் இல்லை.

ஏழாம் கிழமை
இருபத்தேழாம் இலக்கத்தின் முள் ஏறியது.
எட்டாம் கிழமை இன்னும்.
கையேடு வாசித்தா மூச்சு வரும்?
பேராசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஒன்பதாம் செவ்வாய்
போன் கதைக்க வெளியே போன நான்
யன்னலுக்குக் கீழே கண்டேன்:
கொங்கிறீற்றுக் கல்லில் புனிதமலர்,
குடை விரித்தபடி, கண் மூடியபடி,
உள்ளே ம் என்றால் இங்கேயும் ம்.
அஞ்சு பத்து பஸ் வந்தது.
கை காட்டவில்லை. போய்விட்டது.
என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தா.
"உள்ளுக்கு வரேல்லைத்தானே பிள்ளை."

கலப்பு என்பார்கள் ஆய்வு பாஷையில்.
ஆளை நீக்க வேண்டும்.
முப்பத்தாறில் ஒன்று கழிய முப்பத்தைந்து,
சின்ன வகுப்புக் கணக்கு.
ஆனால் யன்னலைத் திறந்தது யார்?
மின்விசிறி பழுது, சட்டை முதுகில் ஒட்டியது,
துருப்பிடித்த கொக்கியை
அடிமட்டத்தால் நெம்பித் திறந்தது நான்.
என் வேர்வையை எந்த நிரலில் சேர்ப்பது?

அறிக்கையின் கடைசி அத்தியாயம் மட்டுப்பாடுகள்.
அதில் எழுதினேன்:
ஒரு யன்னல் திறந்திருந்தது.
பேராசிரியை அதை வெட்டி
சூழல் மாறிகள் முழுமையாகக் கட்டுப்படுத்தப்படவில்லை
என்று மாற்றினார்.
அதுவும் உண்மைதான்.

பன்னிரண்டு கிழமையோடு காசு முடிந்தது.
அடுத்த செவ்வாய் திறப்பைக் குடுக்கப் போனேன்.
பூட்டிய யன்னலுக்குக் கீழே அதே கல்லில் அவ.
"இண்டைக்கு இல்லையோ?"
"முடிஞ்சுதம்மா."
"முடியுமெண்டு கையேட்டில போடேல்லையே."

என்ன சொல்வது?
பக்கத்தில் இருந்தேன்.
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை,
காகம் ஒன்று, தூரத்தில் ஒரு மோட்டர்.
பிறகு அவ தொடங்கினா, மெல்ல,
மூக்கால் வருகிற ஒரு ம்.
கருவி பைக்குள்தான் கிடந்தது.

அஞ்சு பத்து பஸ் வந்தது.
ரெண்டு பேரும் கை காட்டவில்லை.